லிமிட் சாம்பிள் மணியம்மாள்

இரவு ஷிப்டை நான் விட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. ஒரு நாள் காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினேன். அன்றைக்கு மாலை ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. மூன்றாம் நாள் டிரைவரே ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் ஹெட்லைட்டுக்கு முன்மூடி செய்கிற கம்பெனி அது. நான் இன்ஸ்பெக்‌ஷன். ஒரு மூடிக்குப் பதினோரு நொடி. வெள்ளை விளக்குக்குக் கீழே தூக்கிப் பிடித்து இப்படி ஒரு திருப்பு, அப்படி ஒரு திருப்பு. கீறல், குமிழி, மங்கல் ஏதாவது தெரிந்தால் சிவப்பு ஸ்டிக்கர், இல்லாவிட்டால் பச்சை. நாலு வருஷம் பார்த்தேன். கடைசியில் வீட்டில் சோற்றுத் தட்டையும் அப்படித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன்.

நைனா திட்டவில்லை. நெல் விவசாயத்தில் இருக்கிறவர், கோபத்தைக்கூடப் பருவம் பார்த்துத்தான் எடுப்பார்.

"ஆசீர்வாதம் போன் பண்ணாரு. திங்கக்கெழம வரைக்கும் உன் எடத்த யாருக்கும் தர மாட்டாராம். அதுக்குள்ள வேற வேல உறுதியாச்சின்னா சொல்லு. இல்லன்னா நானே உன்ன தூக்கினு போய் பஸ்ல போட்ருவேன்" என்றார். ஆசீர்வாதம் எங்கள் சூப்பர்வைசர். நைனா மூட்டை தூக்கிப் பழகியவர். செய்வார்.

வேறு வேலை என்று கையில் இருந்தது கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் 'ஸ்டீவன் டிஜிட்டல்' மட்டும்தான். ஸ்டீவன் அண்ணன் கல்யாணம், மஞ்சள் நீராட்டு, ஞானஸ்நானம் எல்லாம் வீடியோ எடுப்பவர். கண் கூர்மையான ஆள் ஒருவன் வேண்டும் என்று என்னை இரண்டு வாரம் சோதனைக்கு வைத்திருந்தார். அந்த இரண்டு வாரமும் திங்கட்கிழமையோடு முடிகிறது.

அவருக்குக் கூர்மையான கண் தேவைப்பட்டதற்குக் காரணம், இன்னும் விற்பனைக்கு வராத ஒரு டிஜிட்டல் சினிமா கேமரா. எட்டு மாதமாக அதைப் பற்றித்தான் பேச்சு. கடையில் இருக்கிற கேமராவைத் துடைக்க அவருக்கு நேரமிருக்காது. வராத கேமராவின் சென்சார் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். வைகாசியில் வரும் என்று கம்பெனி அறிவித்த மறுநாளே, வைகாசியில் நடக்கப்போகிற ஒரு கல்யாணத்துக்கு அந்தக் கேமராவில்தான் எடுப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை அன்புசெல்வன் பக்கத்துக் கிராமத்துக்காரன். பெண் பூமிகா வேப்பம்பட்டு. இரண்டு வீட்டாரும் வீடியோ வேலையை ஸ்டீவன் அண்ணனிடமே கொடுத்திருந்தார்கள்.

அந்தப் புதுக் கேமராவில் மாட்ட அவரிடம் மூன்று லென்ஸ் இருந்தன. முதலாவது புதுசு. மற்ற இரண்டும் திருவள்ளூரில் மூடிப்போன ஒரு ஸ்டுடியோவில் வாங்கியவை, என்னைவிட வயதில் மூத்தவை. பின்னாலிருந்து செல்போன் விளக்கை அடித்து, மூன்றையும் திருப்பிப் பார்த்து, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

"ஒண்ணு ஓகே. ரெண்டு சுமாரு. மூணு ரிஜெக்ட்டு" என்று அவர் வாய்விட்டுப் படித்தார். "மூணு ரிஜெக்ட்டா? டேய், இருக்கறதுலயே கேரக்டர் உள்ள லென்ஸு அதான்டா."

"உள்ள பூஞ்சை கீதுண்ணா. நூல் நூலா."

"அது கேரக்டரு."

"பூஞ்சைண்ணா."

"இதுக்காக வெளிநாட்டுக்காரன் யூட்யூப்ல அலையறான்டா!"

"அவனுக்கே அனுப்பிடலாம்ணா."

அவர் என்னை அப்போதே அனுப்பியிருப்பார். ஆனால் எந்த லென்ஸைப் போடுவது என்று அவருக்கும் தெரியவில்லை. வாடிக்கையாளர்கள் தங்கள் எதிர்பார்ப்பைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள், அதுதான் சிக்கல். மாப்பிள்ளை, "சினிமா மாரி இருக்கணும், ஆனா நடிக்கிற மாரி இருக்கக்கூடாது" என்றிருந்தான். பெண், மேக்கப் போட்டது தெரியக்கூடாது, போடாத மாதிரியும் இருக்கக்கூடாது என்றாள். பெண்ணின் அம்மா நர்மதாவுக்கு நெக்லஸில் ஒவ்வொரு கல்லும் தெரியவேண்டும், அதற்குப் பின்னால் இருக்கிற கழுத்து தெரியக்கூடாது. மாப்பிள்ளையின் அம்மா மணியம்மாள் சொன்னது இன்னும் சுருக்கம்: "என்ன கிட்டக்க எடுக்காத. எடுக்காமயும் உட்டுடாத."

"இத வெச்சிக்கினு எந்த லென்ஸ்டா போடுவேன்?" என்று ஸ்டீவன் அண்ணன் தலையில் கை வைத்தார். "நீ மட்டும் கரெக்டா ஒரு லென்ஸ சொல்லி ரெண்டு ஊட்டுக்காரங்களையும் ஒத்துக்க வெச்சிட்டீனா, திங்கக்கெழமல இருந்து நீ பர்மனென்ட்டு. இல்லன்னா பாத்துக்க."

எனக்கு இதற்கு வழி தெரியும் என்று நினைத்தேன். கம்பெனியில் வாடிக்கையாளர் "கொஞ்சம் மங்கல் இருந்தாப் பரவாயில்லை" என்பார். எது கொஞ்சம்? அவர் கொஞ்சமும் நம் கொஞ்சமும் ஒன்றாக இருக்காது. அதனால் ஏற்றுக்கொள்ளக்கூடியதிலேயே மோசமான ஒரு பீஸை எடுத்து, லேபிள் ஒட்டி, அவர் கையெழுத்தை வாங்கி, அலமாரியில் பூட்டி வைப்போம். அதன் பெயர் லிமிட் சாம்பிள். பிறகு சண்டையே வராது. சந்தேகம் வந்தால் சாம்பிளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டியது. அதைவிட மோசமென்றால் ரிஜெக்ட்.

சனிக்கிழமை காலை சென்னையிலிருந்து, கேமரா விற்கப்போகிற ஏஜென்சியின் ஆள் அருணா வந்தார். விற்பனைக்கு முந்தைய கேமரா ஒன்று, பெட்டிக்குள் ஸ்பாஞ்சில் புதைந்திருந்தது. ஞாயிறு மாலை நாலு மணி வரை பரிசோதிக்கலாம்.

"படம் எதுவும் வெளியே போகக்கூடாது சார். மென்பொருள் இன்னும் முடியல. உங்க கருத்தை இந்த ஃபாரத்துல எழுதிக் குடுத்தா கம்பெனிக்கு அனுப்புவோம்" என்றார்.

ஸ்டீவன் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கேமராவைத் தொட்டார்.

எடுத்துப் பார்க்க ஒரு முகம் வேண்டும். அந்த நேரத்தில்தான் மணியம்மாள், தாம்பாளத்தில் கல்யாணப் பத்திரிகையோடு கடைக்குள் வந்தார். பட்டுப்புடவை, கழுத்தில் நெக்லஸ், புதுப் பவுடர், சித்திரை வெயில். பத்திரிகை வைக்க வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்தோம். முதல் லென்ஸைப் போட்டு, படத்தைப் பெரிய டிவிக்கு இணைத்தார் ஸ்டீவன் அண்ணன்.

நான் எத்தனையோ மேற்பரப்பு பார்த்திருக்கிறேன். இதுபோல் பார்த்ததில்லை. பவுடர் எங்கே முடிகிறது, வேர்வை எங்கே தொடங்குகிறது என்று எல்லைக்கோடு தெரிந்தது. மோவாயில் ஒற்றை வெள்ளை முடி. நெற்றி விபூதி பொடிப்பொடியாக எண்ணும்படி இருந்தது.

மணியம்மாள் டிவியை உற்றுப் பார்த்தார். "இது யாரு? எங்க மாமியாளா?"

"நீங்கதாம்மா."

"அவங்க செத்து பத்து வருசம் ஆவுது. அவங்கள எடுத்து வெச்சிக்கினு நான்னு சொல்றானே!"

மூன்றாவது லென்ஸைப் போட்டோம். அறைக்குள் யாரோ சாம்பிராணி போட்ட மாதிரி ஆனது. முகம் வழவழவென்று வந்தது, நெக்லஸ் மஞ்சளாகக் கரைந்திருந்தது.

"பாத்தியா கேரக்டர்!" என்றார் ஸ்டீவன் அண்ணன்.

"மூஞ்சி நல்லா கீது. நகை எங்கடா? கயிறு மாட்டுன மாரி கீது" என்றார் மணியம்மாள்.

இரண்டாவது லென்ஸ் நடுவாக இருந்தது. கோடு தெரிந்தது, ஆனால் எண்ணமுடியவில்லை. கல் தெரிந்தது, ஆனால் குத்தவில்லை. "இது பரவால்ல. சம்பந்திய ஒரு வார்த்த கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனார்.

மதியம் ஸ்டீவன் அண்ணன் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டார். அருணா சாப்பிடப் போனார். நான் இரண்டாவது லென்ஸில் எடுத்த மணியம்மாளின் முகத்தை ஏ-ஃபோர் தாளில் அச்சடித்தேன். கீழே கம்பெனி முறைப்படி லேபிள் ஒட்டினேன்: 'லிமிட் சாம்பிள். அனுமதிக்கப்படும் அதிகபட்சக் குறை. இதைவிட மோசமென்றால் ரிஜெக்ட்.' அதற்குக் கீழே கையொப்பத்துக்கு ஒரு கோடு. இரண்டு ரயில் மாறி வேப்பம்பட்டு போனேன்.

நர்மதா லேபிளை ஒரு தடவை படித்தார். உள்ளே போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து இன்னொரு தடவை படித்தார்.

"தம்பி, அதிகபட்சக் குறைன்னா... இவங்கதான் லிமிட்டா?"

"ஆமா மேடம். இதுக்கு மேல போனா ஏத்துக்க மாட்டோம்."

"இத எழுதினது யாரு?"

"நான்தான்."

"நல்ல புள்ள" என்றார். காபி வந்தது. முறுக்கு வந்தது. கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். பத்திரமாக இருக்கட்டும் என்று செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டார். இவ்வளவு சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்ட வாடிக்கையாளரை நான் பார்த்ததே இல்லை. வேலை உறுதியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே ரயில் ஏறினேன்.

ஞாயிறு காலை கடைக்குப் போனபோது ஸ்டீவன் அண்ணன் போனை நீட்டினார். 'அன்பு வெட்ஸ் பூமிகா' வாட்ஸப் குரூப். நூற்று நாற்பத்து மூன்று பேர். நடுவில் மணியம்மாளின் முகம், என் லேபிள், நர்மதாவின் கையெழுத்து. கீழே நர்மதா, 'சாரி, தெரியாம கை பட்டுடுச்சி' என்று எழுதியிருந்தார். எழுதினாரே தவிர அழிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டு ஆட்களே நாலு பேர் சிரித்திருந்தார்கள்.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்க?"

"லிமிட் சாம்பிள்னா ஓகே பீஸுண்ணா. ரிஜெக்ட் இல்ல."

"அத்த அந்தம்மா கிட்ட போய் சொல்றியா?"

போகவேண்டிய தேவை ஏற்படவில்லை. வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. ஸ்டீவன் அண்ணன் விளக்குக் குடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மணியம்மாள் தாம்பாளம் இல்லாமல் வந்தார்.

"எவன்டா என்ன ரிஜெக்ட் பண்ணது?"

"யாரும் பண்ணலம்மா. நீங்க ஓகே பீஸு" என்றேன்.

"பீஸா?"

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "ஓகேவுலயே கடைசி பீஸு" என்றேன். விவரம் சரியாக இருக்கவேண்டும் அல்லவா.

குடைக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. அதற்குள், கேமராவைத் திருப்பி வாங்க வந்திருந்த அருணா போனை எட்டிப் பார்த்துவிட்டு அலறினார். "சார், இது வெளியே போகக்கூடாத இமேஜ்!"

"இன்னாம்மா சொன்ன?" மணியம்மாள் அவர் பக்கம் திரும்பினார். "என் மூஞ்சி வெளிய போவக்கூடாததா?"

அருணா தன் பெட்டியை மூடத் தொடங்கினார். "நாலு மணி வரைக்கும் டைம் கீதும்மா" என்று குடைக்குப் பின்னாலிருந்து கெஞ்சல் வந்ததும் விட்டுவிட்டார். மணியம்மாள் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அதுல இன்னா எழுதிக்கிற, படி."

படித்தேன்.

"என்ன விட மோசமா இருந்தா ரிஜெக்ட்டு."

"ஆமாம்மா."

"ஆரா இருந்தாலும்?"

"எல்லா பீஸுக்கும் ஒரே ரூல்தான்."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு போனை எடுத்தார். "சம்பந்தி, கெளம்பி கவரைப்பேட்ட ஸ்டுடியோவுக்கு வாங்க. இன்னாத்துக்கா? இன்ஸ்பெக்சனு. வரலன்னா வெச்ச பத்திரிக்க எல்லாத்தையும் ஊடு ஊடா போய் திருப்பி வாங்கிக்கறேன்" என்று சொல்லிக் கட் செய்தார்.

ஸ்டீவன் அண்ணன் வெளியே வந்து என் காதருகே சொன்னார். "அவங்க வந்தா ரெண்டும் ஓகேனு சொல்லிடு. அவ்ளோதான். வேற எதனா வாயத் தொறந்த, நாளைக்கி நீ கம்பெனி பஸ்ல."

மதியம் இரண்டரைக்கு நர்மதா காரில் வந்து இறங்கினார். பியூட்டி பார்லருக்குப் போய்விட்டு வந்திருந்தார் என்பது லென்ஸ் இல்லாமலே தெரிந்தது.

"மொதல்ல அந்த பெயின்ட்ட எடுக்கச் சொல்லு" என்றார் மணியம்மாள்.

நான் சாம்பிளைப் பார்த்தேன். "சாம்பிள்ள பவுடர் கீதும்மா. அதனால பவுடர் வரைக்கும் அனுமதி. அதுக்கு மேல இருக்கறது எடுக்கணும் மேடம்."

"என்ன தம்பி இது, நான் என்ன வெள்ளையடிச்ச செவுரா?" என்று கேட்டுக்கொண்டே நர்மதா பின்பக்கம் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். வராமல் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் தன்னிடம் குறை இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அதே நாற்காலி, அதே விளக்கு, அதே தூரம், இரண்டாவது லென்ஸ். டிவியில் நர்மதா வந்தார். நான் கையிலிருந்த தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். ஸ்டீவன் அண்ணன் என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டி, தலையை ஆட்டினார். ரெண்டும் ஓகே.

எனக்கும் அந்த வேலை வேண்டும்தான். பஸ் ஏற விருப்பமில்லை. ஆனால் கண்ணுக்குக் கீழே சாம்பிளைவிட இரண்டு கோடு கூடுதல். மோவாய்க்கு அடியில் சாம்பிளில் இல்லாத ஒரு மடிப்பு. திரையில் இருக்கிறது. இருப்பதை இல்லை என்று எப்படிச் சொல்வது?

"ரிஜெக்ட்டு" என்றேன்.

நர்மதா எழுந்துவிட்டார். "ஏன் தம்பி, எங்க வீட்ல காபி குடிச்சிட்டுப் போனியே!"

"காபி நல்லா இருந்துச்சி மேடம்" என்றேன். உண்மைதான். பிரயோஜனமில்லை.

மணியம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமல். எழுந்து நின்றவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படிக் குனிந்ததில் அவர் முகம் நேராகக் கேமராவுக்கு முன்னால் வந்தது. டிவி முழுக்க மணியம்மாள். கண் காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் சுருக்கம் மட்டும் இருந்தது. நேற்று நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்த முகம் இல்லை இது.

"தம்பி, இங்க பாரு! இதுதான் சாம்பிளா?" நர்மதா திரையை விரலால் குத்தினார். "இத எண்ணு! இத எண்ணு பாக்கலாம்!"

நான் தாளைப் பிடித்துப் பார்த்தேன். எண்ணவே தேவையில்லை. "சாம்பிளும் ரிஜெக்ட்டு" என்றேன். சாம்பிள் மாறிவிட்டால் அதைச் செல்லாததாக்கவேண்டும் என்பது விதி. தாளைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

மணியம்மாள் சிரிப்பதை நிறுத்தினார். இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு நொடியில் இரண்டு வீடும் ஒரே கட்சியாகிவிட்டது.

"இவன் எல்லாரையும் இப்படித்தான் சொல்லுவான்போல" என்றார் நர்மதா.

"சொல்லுவான் சம்பந்தி. உங்க அண்ணனயும் சொல்லுவான், எங்க நாத்தனாளயும் சொல்லுவான். கல்யாணத்துக்கு வர ஒருத்தன் தேற மாட்டான்."

ஸ்டீவன் அண்ணன் டீ சொல்லியனுப்பினார். வேறென்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. டீ வந்து, பாதி குடித்த பிறகு மணியம்மாள் கேட்டார்: "அந்த சாம்பிராணி லென்ஸு எங்க?"

மூன்றாவதை மாட்டினோம். இருவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். திரையில் இரண்டு பேர் இருந்தார்கள், வயது தெரியவில்லை. சிரித்துப் பார்த்தார்கள். முறைத்துப் பார்த்தார்கள். ஒரு கோடும் இல்லை.

"இதுல குறை கண்டுபிடி பாக்கலாம்" என்றார் நர்மதா.

"முடியாது மேடம். பூஞ்சை மறைக்குது."

"அப்ப இதான். நகைக்கு என்ன பண்றது?"

"கழட்டித் தட்டுல வெச்சி, தனியா அந்த மொத லென்ஸுல எடுக்கச் சொல்லு" என்றார் மணியம்மாள். "நகைக்கு இன்னா சுருக்கமா உழப்போவுது?"

ஸ்டீவன் அண்ணன் நாற்காலியில் சரிந்தார். எட்டு மாதம் காத்திருந்த கேமரா, அத்தனை கூர்மை, அதற்கு முன்னால் ஒரு பூஞ்சை. "நேத்து நான் கேரக்டர்னு சொன்னப்போ ஒருத்தனும் கேக்கல" என்று முனகினார்.

அருணா ஃபாரத்தை எடுத்தார். "பூஞ்சை எத்தனை வருஷத்தது சார்?" என்று கேட்டு, பதிலைக் கவனமாக எழுதிக்கொண்டார். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கேமராவைப் பெட்டியில் வைத்துக் கிளம்பினார்.

"நீயும் கெளம்பு" என்று ஸ்டீவன் அண்ணன் என்னிடம் சொன்னார். "நான் சொன்னது ரெண்டும் ஓகே. நீ சொன்னது ரெண்டும் ரிஜெக்ட்டு. நாளைக்கி பஸ் ஏறிடு."

"எங்க அனுப்பற அவன?" மணியம்மாள் டம்ளரை வைத்தார். "கல்யாணத்துல எடுக்கற படத்துல எந்த மூஞ்சிய வெக்கறது, எத்த தூக்கறதுன்னு இவன்தான் பாக்கணும். மரியாதையும் கெடையாது, பயமும் கெடையாது. இந்த மாரி ஆளு எங்க கெடைக்கும்? இவன் இல்லன்னா நான் பொன்னேரில ஆள் பாத்துக்கறேன்."

"எனக்கும் அவன் இருக்கணும். என்னை ரிஜெக்ட் பண்ணவன் அவங்க சைடுல எத்தனை பேரைப் பண்றான்னு நான் உக்காந்து பாக்கணும்" என்றார் நர்மதா.

அவர்கள் இருவரும் ஒரே காரில் போனார்கள். ஸ்டீவன் அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கினார், யோசித்தார், மறுபடி ஏற்றினார்.

"காலைல ஒம்போது மணிக்கு வா. பர்மனென்ட்டு. ஆனா ஆளுங்க மூஞ்சிக்கு நேரா பீஸுனு சொல்லக்கூடாது."

"சரிண்ணா."

சைக்கிள் ஸ்டாண்டில் நின்றபோது ஆசீர்வாதம் அண்ணன் போன் செய்தார். நாளைக்கு வருகிறேனா என்று கேட்டார். வேறு வேலை கிடைத்துவிட்டது என்றேன்.

"இன்னா வேல?"

"இன்ஸ்பெக்‌ஷன்தாண்ணா. ஆளுங்க மூஞ்சி."

"மூஞ்சியா? ரிஜெக்ட் ஆச்சின்னா இன்னா பண்ணுவீங்க?"

"டீ குடுப்போம்ணா."

"சரி, ஐடி கார்ட கொண்டாந்து குடுத்துரு" என்று சொல்லிப் போனை வைத்தார்.